மாற்றுக் கல்லீரலில் திரும்பத் திரும்பப் பித்தக்குழாய்த் தொற்று: எந்த அறுவை சிகிச்சை, யாருக்கு?

"ஸ்டென்ட் மூணு தடவை மாத்தியாச்சு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாசம் நல்லா இருக்கார், அப்புறம் மறுபடி குளிர் ஜுரம். ஒரு டாக்டர் குடலோட இணைச்சு ஆபரேஷன் பண்ணிடலாம்கிறார். இன்னொருத்தர் லிவரையே திரும்ப மாத்தணும்கிறார். யார் பேச்சைக் கேக்கறது?"

கல்லீரல் மாற்று செய்துகொண்டவர்களின் வீட்டிலிருந்து வரும் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். (ஸ்டென்ட் என்பது பித்தக்குழாய் அடைக்காமல் இருக்க அதனுள் வைக்கும் சிறு குழல்.) இரண்டு டாக்டர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்களே என்று குடும்பம் குழம்பிப்போகிறது. ஒருவர் பித்தக்குழாயின் படத்தை மட்டும் பார்த்திருப்பார், மற்றவர் ரத்தக்குழாயின் படத்தையும் சேர்த்துப் பார்த்திருப்பார். பெரும்பாலும் வித்தியாசம் அவ்வளவுதான். எத்தனை முறை காய்ச்சல் வந்தது என்ற கணக்கு ஆபரேஷனை முடிவு செய்வதில்லை. அடைப்பு எங்கே இருக்கிறது, அந்த இடத்துக்கு ரத்தம் போகிறதா என்பவைதான் முடிவு செய்கின்றன.

## முதலில், இது அந்தத் தொற்றுதானா?

உதறல் எடுக்கும் குளிர், போர்வை மேல் போர்வை, ஒரு மணி நேரத்தில் 103 டிகிரி. ஒரு டோலோ போட்டதும் வேர்த்துக் கொட்டி இறங்கிவிடும். மறுநாள் ஆள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். "பரவாயில்லை, வைரல் ஃபீவர்" என்று வீடு நிம்மதியாகும். தெருமுனை கிளினிக்கில் வைடல் டெஸ்ட் எடுத்து, டைபாய்டு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்புவதும் நடக்கிறது. கல்லீரல் மாற்று ஆனவருக்கு உதறலோடு காய்ச்சல் வந்தால் அது பித்தக்குழாய்த் தொற்று என்றே வைத்துக்கொண்டு, மாற்று செய்த மருத்துவமனைக்கு அன்றைக்கே போன் செய்ய வேண்டும்.

காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது மேல் வயிற்றில் வலி ஆகிய மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாய்த் தொற்று என்று சார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1877-இல் எழுதிவைத்தார். மாற்றுக் கல்லீரலில் இந்த அடையாளத்தை நம்பிக் காத்திருக்க முடியாது. மாற்றும்போது கல்லீரலின் நரம்புகள் துண்டிக்கப்படுவதால் வலி தெரியாமலே போகலாம். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் அடங்கியிருக்கும். ரத்தத்தில் ஏஎல்பி, ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைம்கள் இரண்டும் ஏறியிருப்பது மட்டுமே கண்ணில் படும்.

உறுப்பு நிராகரிப்பிலும் (உடம்பு புதிய கல்லீரலை ஏற்காமல் தாக்குவது) எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை இப்படியே கெடும் என்பதுதான் சிக்கல். நிராகரிப்புக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், தொற்றுக்கு அதையே குறைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் சந்தேகம் வந்தால் கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்கிறார்கள், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தத்தில் என்ன கிருமி என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் "குழாய் விரியவில்லை, அடைப்பு இல்லை" என்று வந்தாலும் அதோடு நிறுத்திவிடக் கூடாது. மாற்றுக் கல்லீரலில் அடைப்பு இருந்தும் குழாய் விரியாமல் இருப்பது சாதாரணம். பித்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ படமான எம்ஆர்சிபி எடுத்துப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

தமனி திறந்திருக்கிறதா? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் எல்லோருக்கும் பித்தக்குழாய்க்கு அக்கம்பக்கத்துச் சிறு ரத்தக்குழாய்களிலிருந்தும் ரத்தம் வரும். மாற்று அறுவையில் அவை அறுபட்டுவிடுகின்றன. அதன்பின் புதிய கல்லீரலின் பித்தக்குழாய்க்கு ஒரே ஆதாரம் கல்லீரல் தமனி. அதே சமயம் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருவதால், தமனி அடைத்தாலும் கல்லீரல் செல்கள் சில காலம் தாக்குப்பிடிக்கும். கல்லீரல் வேலை செய்துகொண்டிருக்க, உள்ளே பித்தக்குழாய்கள் மட்டும் ரத்தமின்றிச் செத்துக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் சிடி ஆஞ்சியோ. இவற்றைச் சமீபத்தில் எடுத்துப் பார்க்காமல் ஆபரேஷன் தேதி குறிப்பதை ஏற்காதீர்கள்.

குழாய் குறுகி அடைத்த சுருக்கம் எங்கே? தானம் கொடுத்தவரின் குழாயும் உங்கள் குழாயும் தைக்கப்பட்ட இடத்தில் மட்டுமா, கல்லீரலுக்குள் பல இடங்களிலா? தையல் இடத்தில் மட்டும் என்றால் அது பெரும்பாலும் தழும்பு. உள்ளே பல இடங்களில் என்றால் ரத்த ஓட்டக் குறைவு, ரத்த வகை பொருந்தாத மாற்று, பழைய நோயே திரும்ப வருவது போன்ற காரணங்களைத் தேட வேண்டும்.

பழைய இணைப்பு எந்த வகை? குழாயோடு குழாயா, குழாயோடு குடலா? குழாயோடு குழாய் என்றால் வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பித்தக்குழாயைத் திறக்கும் ஈஆர்சிபி செய்ய முடியும். குடலோடு இணைத்திருந்தால் சாதாரண ஈஆர்சிபி அங்கே எட்டாது.

கல்லீரலும் உடம்பும் எந்த நிலையில்? பயாப்ஸியில் நார்த்தன்மை (கல்லீரல் தழும்பாவது) எவ்வளவு, ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐஎன்ஆர் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, தசை கரைந்துவிட்டதா, கல்ச்சரில் எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குப் பணிகிறது. இவையெல்லாம் சேர்ந்த கேள்வி இது.

அவசரமாகப் பார்ப்பவர்களுக்கு:

| வழி | யாருக்கு ஏற்றது | யாருக்கு ஏற்றதல்ல | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|
| ஸ்டென்ட்டில் தொடர்வது | தையல் இடச் சுருக்கம், ஒரு வருடம் இன்னும் முடியாதவர் | ஒரு வருடம் முறையாகச் செய்தும் தொற்று நிற்காதவர் | 3 மாதத்துக்கொரு அட்மிஷன், மருந்துக்குப் பணியாத கிருமிகள் |
| குழாயைக் குடலோடு இணைப்பது | தையல் இடச் சுருக்கம் மட்டும், தமனி திறந்திருப்பவர் | உள்ளே பல சுருக்கங்கள், தமனி அடைப்பு | ஈஆர்சிபி வழி மூடிவிடும் |
| பழைய குடல் இணைப்பைத் திருத்துவது | குடல் வளையம் குட்டை, மடிப்பு, தேக்கம் | காரணம் படத்தில் தெரியாதவர் | நோய் வேறெங்கோ இருந்தால் வீண் ஆபரேஷன் |
| ஒரு பகுதியை வெட்டி எடுப்பது | நோய் ஒரு பக்கம் மட்டும் | உயிருள்ள தானத்தில் பெற்ற சிறிய கல்லீரல் | பின்னால் மறுமாற்று தேவைப்படலாம் |
| மறுமாற்று | கல்லீரல் முழுதும் பரவிய சேதம், தமனி அடைப்பு | கட்டுக்குள் வராத செப்சிஸ் (உடம்பெங்கும் பரவிய கடும் தொற்று) | இன்னொரு டோனர், முழுச் செலவும் மறுபடி |

## ஸ்டென்ட்டிலேயே தொடர்வது

இது ஆபரேஷன் அல்ல. ஆனாலும் எல்லா ஆபரேஷனையும் இதோடு ஒப்பிட்டுத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

தையல் இடச் சுருக்கத்துக்கு வழக்கமான முறை: பலூனால் விரித்து, பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து, சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, ஒவ்வொரு முறையும் முடிந்தவரை ஸ்டென்ட் எண்ணிக்கையைக் கூட்டி, ஏறத்தாழ ஒரு வருடம் ஓட்டுவது. பெரும்பாலோருக்கு இது பலிக்கிறது. மேலுறை போட்ட உலோக ஸ்டென்ட் வைத்தால் மாற்றும் தடவைகள் குறையும். ஆனால் அது நழுவும், பக்கக் கிளைகளையும் அடைக்கும். தானமாகப் பெற்ற வலது மடலில் (கல்லீரலின் வலப் பகுதியில்) இரண்டு மூன்று குழாய்கள் தனித்தனியாகத் திறந்திருப்பவருக்கு இது நல்ல யோசனை அல்ல.

இந்தியாவில் நடக்கும் மாற்றுகளில் பெரும்பகுதி உயிருள்ளவர் தானம். அப்படிப் பெற்ற மடலில் குழாய்கள் மெல்லியவை, வளைந்து திரும்புபவை, ஒன்றுக்கு மேற்பட்டவை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்ற முழுக் கல்லீரலைவிட இங்கே சுருக்கம் அதிகம், ஸ்டென்ட்டும் கடினம். வெளிநாட்டு வலைத்தளங்களில் படிக்கும் வெற்றி விகிதங்களை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்த முடியாது.

"ஸ்டென்ட் தோற்றுவிட்டது" என்று சொல்லப்படும் பலருக்கு உண்மையில் ஸ்டென்ட் காலாவதி ஆகியிருக்கிறது. 3 மாதத்தில் வரச் சொன்னால் "தீபாவளி முடியட்டும்", "பையனுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று ஐந்து மாதம் கழித்துப் போனால், அடைத்துப்போன பிளாஸ்டிக்கே தொற்றுக்குக் காரணமாகிவிடும். அப்படிப்பட்டவர் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு வருடத்தை ஒழுங்காக முடித்துப் பார்க்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு வருடம் முறையாகச் செய்தும் ஸ்டென்ட் எடுத்த சில வாரங்களில் உதறல் வருகிறவரை இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் என்று அதிலேயே ஓட்டுவது கருணை அல்ல. ஒவ்வொரு அட்மிஷனிலும் ஒரு படி வலுவான ஆன்டிபயாடிக் ஏறும். கடைசியில் எந்த மருந்துக்கும் பணியாத கிளெப்சியெல்லா என்ற கிருமி மிஞ்சும். அதோடு எந்தப் பெரிய ஆபரேஷனுக்குப் போவதும் ஆபத்து.

மருந்துக் கடையில் தானே வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றும், சிறுநீரகம் அடிவாங்கும். அரிப்புக்காகவோ காசநோய்க்காகவோ ரிஃபாம்பிசின் கொடுத்தால் அதே அளவு சரியும், நிராகரிப்பு வரும். உள்ளூர் டாக்டர் எழுதிய சீட்டை வாட்ஸ்அப்பில் மாற்று ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிட்டு மாத்திரையை வாயில் போடுங்கள்.

### இடையில் வரும் ட்யூப்

ஈஆர்சிபி எட்டாதபோது விலாவின் இடுக்கு வழியாகத் தோலைத் துளைத்துக் கல்லீரலுக்குள் ட்யூப் வைப்பார்கள். பிடிபிடி என்று சொல்வது இதைத்தான். ஆபரேஷனுக்கு முன் தொற்றை அடக்கவும், அடைப்பு இருக்கும் இடத்தைத் தெளிவாகப் படம் பிடிக்கவும் அருமையான வழி. அதையே வாழ்க்கையாக்கிக்கொள்வது வேறு விஷயம். இடுப்பில் கட்டிய பை, காலையில் மூவழித் திருகைத் திருப்பி 10 மில்லி சலைன் ஏற்றுவது, பச்சை கலந்த மஞ்சளில் வரவேண்டிய பித்தம் கலங்கி வந்தால் பதறுவது, இடப்பக்கம் மட்டுமே படுப்பது, சட்டையில் ஒழுகிய கறை. பித்தம் முழுவதும் வெளியே போனால் உப்பும் நீரும் சேர்ந்து போகும், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும். கொஞ்ச நாளில் ட்யூப்பை உள்ளே குடல் வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் பை தேவைப்படாமலே போகலாம்.

## குழாயைக் குடலோடு இணைப்பது

ஹெபாடிகோ-ஜெஜுனாஸ்டமி. சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, கீழ்ப்பகுதியைத் தூக்கிக் கொண்டுவந்து பித்தக்குழாயோடு தைத்து, மேல்பகுதியைச் சற்றுக் கீழே பக்கவாட்டில் சேர்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர அறுவை மருத்துவர் செசார் ரூ பெயரால் அறியப்படும் ஒய் வடிவ இணைப்பு இது. தழும்பான பகுதியை அறுத்துவிட்டு, வெட்டினால் ரத்தம் கசியும் ஆரோக்கியமான விளிம்பு வரை மேலே போய், அங்கே குடலைத் தைப்பதுதான் இதன் சூட்சுமம். விளிம்பில் ரத்தம் கசியாத குழாயில் குடலைத் தைப்பது தண்ணீர் பாயாத வயலில் நாற்று நடுவதுதான். அதற்குத்தான் தமனியைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தினேன்.

சரியான ஆளுக்குச் செய்தால் இது நல்ல, நீடித்த தீர்வு: சுருக்கம் தையல் இடத்தில் மட்டும், தமனி திறந்திருக்கிறது, உள்குழாய்கள் சுத்தம், பயாப்ஸியில் பெரிய நார்த்தன்மை இல்லை, ஸ்டென்ட் முறையாக முயன்று பார்த்தாகிவிட்டது. சுருக்கத்துக்குள் கம்பியே நுழையாமல் குழாய் முழுதும் துண்டுபட்ட நிலையிலும் இதுவே வழி.

இனி மறைந்திருக்கும் விலை. முதலாவது, இதற்குப் பின் வாய் வழியாகப் பித்தக்குழாயை எட்டுவது கடினம். மறுபடி சுருங்கினால் பிடிபிடி, இல்லையென்றால் பலூன் எண்டோஸ்கோபி. பின்னது எல்லா ஊரிலும் கிடைக்காது. சில சர்ஜன்கள் இப்படித் தூக்கிக் கொண்டுவந்த குடல் வளையத்தின் மூடிய முனையைத் தோலுக்கு அடியில் பொருத்திவைப்பார்கள். பின்னாளில் அதன் வழியே நுழையலாம். உங்கள் சர்ஜனுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று ஆபரேஷனுக்கு முன் கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, குடல் கிருமிகளுக்கும் பித்தக்குழாய்க்கும் இடையில் காவலாக இருந்த சுருக்குத்தசை விலகிவிடுகிறது. அடைப்பு நீங்கினாலும் அவ்வப்போது தொற்று வரும் வாய்ப்பு பூஜ்யமாகாது. "இந்த ஆபரேஷன் ஆனதும் காய்ச்சலே வராது" என்று யாராவது உறுதியளித்தால் அந்த உறுதியைச் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

மூன்றாவது, உயிருள்ளவர் தானத்தில் பெற்ற வலது மடலில் இந்த ஆபரேஷன் முழுக் கல்லீரலில் செய்வதைவிட ஒரு படி கடினம். தழும்புக்கு மேலே மிஞ்சும் குழாய் மிகக் குட்டையாக இருக்கும், சிலருக்கு இரண்டு வாய்கள் இருக்கும், ஒட்டிக்கொண்ட திசுக்களுக்குள் தமனி மிக அருகில் ஓடும். அதில் கத்தி பட்டால் சின்ன ஆபரேஷனுக்குப் போனவர் மறுமாற்றுக்குப் பட்டியலிடப்படுவார். பொதுவான வயிற்று அறுவையில் கைதேர்ந்தவர் என்பது இதற்குப் போதாது. மாற்று அறுவை செய்யும் குழுதான் இதைத் தொட வேண்டும்.

நிராகரிப்பைத் தடுக்க எவரோலிமஸ் சாப்பிடுபவர் என்றால் காயம் ஆறத் தாமதமாகும். முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். இதை நீங்களே நினைவூட்டலாம்.

## பழைய குடல் இணைப்பைத் திருத்துவது

பித்தநாள அட்ரீசியாவுக்காக (பச்சிளம் பருவத்திலேயே பித்தக்குழாய் அடைந்துபோகும் நோய்) மாற்று செய்த குழந்தைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் ஆபரேஷனிலேயே குடல் இணைப்புத்தான். இந்தியாவில் முதன்முதலில் வெற்றிபெற்ற கல்லீரல் மாற்றே அத்தகைய குழந்தைக்குத்தான் நடந்தது: 1998 நவம்பரில் டெல்லியில், காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, தந்தை கொடுத்த கல்லீரலில். அந்தத் தலைமுறைக் குழந்தைகள் இன்று இளைஞர்கள். அவர்களில் சிலருக்கு, எம்ஆர்சிபியில் சுருக்கமே தெரியாமல் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது.

இங்கே சந்தேகப்பட வேண்டியது குடல் வளையம். அது குட்டையாக இருந்தால் குடலில் போகும் உணவும் கிருமியும் மேலேறும். ஒட்டுத்திசுவால் மடிந்திருந்தால் பித்தம் தேங்கும். 40 சென்டிமீட்டருக்குக் குறைந்த வளையத்தை 60, 70 சென்டிமீட்டருக்கு நீட்டுவதும், மடிப்பை விடுவிப்பதும் ஒப்பீட்டளவில் எளிய ஆபரேஷன்கள். கல்லீரல் வாயிலைத் தொடாமல் கீழேயே முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழியும் இதுதான், பயமுறுத்தும் வழியும் இதுதான். ஏனென்றால் இதற்கான ஆதாரம் சில நோயாளிகளை வைத்து எழுதப்பட்ட சிறிய அறிக்கைகளே. காரணம் படத்தில் தெரிந்தால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய ஆபரேஷன். தெரியாவிட்டால் "செய்துதான் பார்ப்போமே" என்ற ஆபரேஷன். சிடியில் வீங்கிய வளையம், பித்தம் ஓடும் வழியைக் காட்டும் ஹிடா ஸ்கேனில் அது வளையத்தில் தங்கிப்போவது, பழைய ஆபரேஷன் குறிப்பில் குட்டையான நீளம், இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். பித்தக்குழாயில் காற்று தெரிகிறது என்பதை மட்டும் காட்டினால் போதாது. குடலோடு இணைத்த எல்லோருக்கும் அது தெரியும்.

## ஒரு பகுதியை வெட்டி எடுப்பது

அரிதானது, சுருக்கமாகவே சொல்கிறேன். முழுக் கல்லீரல் பெற்றவருக்கு ஒரு பக்கத் தமனிக் கிளை மட்டும் அடைத்து, அந்தப் பக்கத்தில் மட்டும் சுருக்கம், கல், சீழ்க்கட்டி என்றால், அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம். மிஞ்சும் பகுதி அளவிலும் தரத்திலும் போதுமானதாக இருக்க வேண்டும். மறுபக்கத்திலும் லேசாகச் சுருக்கம் தெரிந்தால் கைவைக்காமல் இருப்பதே மேல்.

## மறுமாற்று

தமனி அடைத்து, உள்குழாய்கள் மரக்கிளைகள் பட்டுப்போனது போலப் படத்தில் தெரிபவர், தொற்றாலேயே கல்லீரல் சுருங்கத் தொடங்கியவர் ஆகியோருக்கு மற்ற எல்லா வழிகளும் நாள் கடத்துவதுதான். உள்ளே பரவிய சுருக்கங்கள் உள்ளவர்களில் கணிசமானோர், ஸ்டென்ட் வைத்தும், கடைசியில் மறுமாற்றுக்கே வருகிறார்கள்.

இதில் நேரம்தான் பெரிய எதிரி. சீக்கிரம் என்றால் "பிலிருபின் மூன்றுதானே, நடமாடிக்கொண்டுதானே இருக்கிறார்" என்பார்கள். தாமதித்தால் ரத்தத்தில் கிருமி, சிறுநீரகம் போய், ஐசியூவில் கிடப்பவருக்கு யாரும் கை வைக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. ஒரு தொற்று அடங்கி அடுத்தது வருவதற்குள் உள்ள சில வாரங்கள் அவை. டோனர் பரிசோதனைகளை முன்கூட்டியே முடித்துவைத்தவர்களால்தான் அந்த வாரங்களைப் பயன்படுத்த முடிகிறது.

மாற்றுப் பட்டியலில் யாருக்கு அவசரம் என்று காட்டும் மெல்ட் என்ற மதிப்பெண் 40 வரை போகும். பிலிருபின், ஐஎன்ஆர், கிரியாட்டினின் போன்றவற்றிலிருந்து கணக்கிடுவது. மாதம் ஒருமுறை செப்சிஸ் வந்துபோகிறவருக்கும் அது குறைவாகவே காட்டும். அமெரிக்காவில் இத்தகையவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கோர வழி உண்டு. இங்கே மூளைச்சாவு தானத்துக்காகப் பதிந்திருப்பவர்கள், தொற்று வந்த ஒவ்வொரு அட்மிஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியும் கல்ச்சர் ரிப்போர்ட்டும் தங்கள் கோப்பில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயிருள்ளவர் தானம் என்றால் வீட்டுக்குள் பேச்சு கனமாகிறது. முதல் முறை மனைவி கொடுத்தாகிவிட்டது. இனி மகனா, தம்பியா? உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவினர் பட்டியலில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரோடு 2011 திருத்தத்துக்குப் பின் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளும் உண்டு. இரு குடும்பங்கள் டோனரை மாற்றிக்கொள்ளும் முறைக்கும் அந்தத் திருத்தம் இடம் தருகிறது. வலது மடல் கொடுப்பவருக்கு உயிராபத்து 200-இல் ஒன்று முதல் 500-இல் ஒன்று வரை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மறுமாற்றின் பலன் முதல் மாற்றைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துத்தான் அந்த மகனிடம் சொல்ல வேண்டும். டோனரை அவருடைய குடும்பம் இல்லாமல் தனியாக ஒருமுறை டாக்டர் பேசவைப்பது வழக்கம். அதைத் தடுக்காதீர்கள், "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு அது ஒன்றுதான் வாய்ப்பு.

செலவு மறுபடி முழுதாக வரும். உங்கள் இன்சூரன்ஸோ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ இரண்டாம் மாற்றுக்கு எவ்வளவு தரும் என்பதை, பட்டியலில் பதியும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

## இரண்டாம் கருத்துக்குப் போகும்போது

"ஃபைல் எல்லாம் இருக்கு" என்று நான்கு கிலோ காகிதத்தோடு போவதைவிட இவை ஐந்தும் போதும்: முதல் மாற்றின் ஆபரேஷன் குறிப்பு, எல்லா ஈஆர்சிபி ரிப்போர்ட்டும் அதன் படங்கள் உள்ள குறுந்தகடும், கடைசி எம்ஆர்சிபி, கடைசி சிடி ஆஞ்சியோ அல்லது டாப்ளர், மருந்துக்குப் பணியும் விவரத்தோடு எல்லா கல்ச்சர் ரிப்போர்ட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, ஆபரேஷன் குறிப்பு வேறு. எத்தனை குழாய்கள், எதோடு எது தைக்கப்பட்டது, குடல் வளையம் எத்தனை சென்டிமீட்டர் என்பதெல்லாம் பின்னதில்தான் இருக்கும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். கேட்பவர் குறைவு என்பதால் சில நாள் இழுக்கும். அடுத்த காய்ச்சல் வருவதற்குள் போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.